சுவிஸ் காட்டில் காளான் பறிக்க முதல்முறை போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை பெய்து, அதன் பிறகு ஒரு வாரம் இளவெயில் அடித்தால் போதும். பேர்ண் பக்கத்துக் காடுகளில் ஞாயிறு காலையில் கூடையும் கையுமாக ஆட்கள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். அவர்களைப் பார்த்து நம்மவர்களும் இப்போது கேட்கிறார்கள்: நாங்களும் பறிக்கலாமா, யாராவது பிடித்துக் கேட்பார்களா, எதைத் தின்னலாம்?

பறிக்கலாம். இந்த நாட்டில் அதற்கு இரண்டு பெரிய வசதிகள் உண்டு. காடு யாருடையதாக இருந்தாலும் உள்ளே போய் வீட்டுத் தேவைக்குப் பறித்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அப்புறம், பறித்த காளானைக் கொண்டுபோய்க் காட்டினால், தேர்வு எழுதித் தகுதி பெற்ற ஒருவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, தின்னலாமா கூடாதா என்று சொல்வார். இந்த இரண்டாவது வசதியைப் பயன்படுத்தாமல் யாரும் காளான் தின்னத் தொடங்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். ஊரில் நாம் கற்ற காளான் அறிவு இங்கே உதவாது. சில வேளை அதுவே ஆளைக் கொன்றுவிடும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் சட்டமும் காடும்

சுவிஸ் குடியியல் சட்டம் 1912இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 699ஆம் பிரிவுதான் காட்டுக்குள் போகவும், அந்தந்த ஊர் வழக்கத்துக்கு உட்பட்டுப் பழம், காளான் பறிக்கவும் உரிமை தருகிறது. ஆனால் எவ்வளவு, எந்த நாளில் என்பதை மாநிலங்கள் தனித்தனியாக முடிவு செய்கின்றன. சில மாநிலங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ, சிலவற்றில் 2 கிலோ. சில இடங்களில் மாதத்தின் முதல் சில நாட்களுக்குப் பறிக்கவே கூடாது. பக்கத்து மாநிலத்துக்குப் போனால் விதி மாறிவிடும். ஆகவே புறப்படும் முன் அந்த மாநிலத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இயற்கைக் காப்பகம் என்று பலகை இருந்தால் அங்கே பெரும்பாலும் எதையும் பறிக்க முடியாது.

இங்கே காடு என்றால் தானாக வளர்ந்து கிடக்கும் வனம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான காட்டுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். ஃபொர்ஸ்டர் என்பார்கள். எந்த மரத்தை எந்த வருடம் வெட்டுவது என்று அவர் குறித்து வைத்திருப்பார். மரத்தில் வண்ணக் கோடு அடித்திருந்தால் அது அவருடைய அடையாளம். ஒரு காட்டை முழுவதுமாக மொட்டையடிப்பதைச் சட்டமே தடுக்கிறது. எம்மென்டால் பக்கம் போனால் இதன் அழகைப் பார்க்கலாம். ஒரே இடத்தில் கைத்தடி பருமனில் கன்றும் இருக்கும், இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமனில் மரமும் இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெட்டுவார்கள். காளானுக்கு இது நல்லது. நாம் தேடும் நல்ல காளான்களில் பல, உயிருள்ள மரத்தின் வேரோடு சேர்ந்து வாழ்பவை. மரம் இலையில் சமைக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு வேர் வழியாகக் காளானுக்குப் போகிறது. காளானின் நூல் போன்ற இழைகள் மண்ணிலிருந்து தண்ணீரையும் சத்தையும் மரத்துக்குக் கொடுக்கின்றன. மரங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் இந்த உறவு அறுந்துபோகும்.

வேலை நடக்கும் காடு என்பதால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். மரம் வெட்டும் இடத்தில் குறுக்கே நாடா கட்டிப் பலகை வைத்திருப்பார்கள். அன்று விடுமுறையாக இருந்தாலும், ஆள் யாரும் தெரியாவிட்டாலும் அதைத் தாண்டக் கூடாது. பாதி வெட்டுப்பட்டு இன்னொரு மரத்தில் சாய்ந்து நிற்கும் மரம் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. அடுக்கி வைத்த மரத்துண்டுகள் மேலும் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற விடாதீர்கள், அவை உருளும். அப்புறம், காட்டு வீதியில் வேலை வாகனங்களுக்கு மட்டும்தான் அனுமதி. காரைக் காட்டின் எல்லையிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

என்ன கொண்டு போவது

காற்றுப் போகும் கூடை ஒன்று. பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். அதில் காளான் வியர்த்து, வீட்டுக்கு வருவதற்குள் கெடத் தொடங்கிவிடும். நல்ல காளானே இப்படிக் கெட்டு வயிற்றைப் பதம் பார்ப்பது உண்டு. சின்னக் கத்தி, மண் தட்ட ஒரு பழைய தூரிகை, வகை வகையாகப் பிரித்து வைக்க நாலைந்து காகிதப் பை. கைபேசியில் வரைபடம். சரிவில் தலையைக் குனிந்தபடியே ஒரு மணி நேரம் நடந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதே மறந்துவிடும்.

நீளக் காற்சட்டையை காலுறைக்குள் சொருகிக்கொள்ளுங்கள். இங்கே காட்டில் உண்ணி உண்டு. மூளைக்காய்ச்சலையும் லைம் நோயையும் அது பரப்பும். முதலாவதற்குத் தடுப்பூசி இருக்கிறது, குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னால் என்று தடவிப் பாருங்கள்.

எப்போது, எந்த மரத்தடியில்

மழை பெய்த மறுநாளே ஓடுவதில் பயனில்லை. நல்ல மழைக்குப் பிறகு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பொறுக்க வேண்டும். இரவில் கடும் குளிர் விழாமல் இருக்க வேண்டும். ஜூன் கடைசியிலேயே மஞ்சள் காளான் தலைகாட்டும். செப்டெம்பர்தான் நல்ல மாதம். தாழ்வான இடங்களில் நவம்பர் தொடக்கம் வரைகூடக் கிடைக்கும்.

புதியவர்கள் காளானைத் தேடுகிறார்கள், பழகியவர்கள் மரத்தைத் தேடுகிறார்கள். ஆகவே முதலில் மூன்று மரங்களைப் பழகுங்கள். மரம், காளான் பெயர்களை இங்கே ஜெர்மனில் சொல்வது போலவே தருகிறேன். ஃபிக்டே: ஊசி இலை, கையில் குத்தும், காய் கீழ்நோக்கித் தொங்கும். டன்னே: இதுவும் ஊசி இலைதான், ஆனால் தட்டையாக மெத்தென்று இருக்கும், அடியில் இரண்டு வெள்ளைக் கோடு. பூஹே: யானைக்கால் போலச் சாம்பல் நிறத்தில் வழவழப்பான தண்டு, அடியில் காய்ந்த இலை கம்பளமாகக் கிடக்கும். ஃபிக்டே நிற்கும் இடத்தில் பாசி படர்ந்த சரிவு, பழைய காட்டுப் பாதையின் ஓரம், மரம் கொஞ்சம் எடுத்து வெளிச்சம் விழும் இடம், இவற்றில் தேடுங்கள். முள்ளும் புல்லும் இடுப்பளவு வளர்ந்த இடத்தை விட்டுவிடலாம்.

முதல் வருடம் நான்கே நான்கு

காட்டில் நூற்றுக்கணக்கான வகை கண்ணில் படும். அத்தனையையும் படிக்க முயன்றால் ஒன்றும் மனதில் நிற்காது. முதல் வருடம் நான்கு போதும். இந்த நான்கையும் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. குடையைத் திருப்பினால் அடியில் புத்தகத் தாள் போல அடுக்கடுக்காகச் செவுள் இருக்கும் காளான்களில்தான் ஆளைக் கொல்பவை பெரும்பாலும் இருக்கின்றன. இந்த நான்கிலும் அந்தச் செவுள் கிடையாது.

முதலாவது அயர்ஷ்வெம்லி. அயர் என்றால் ஜெர்மனில் முட்டை, நிறமும் முட்டை மஞ்சள் கருதான். கையில் எடுத்துத் திருப்புங்கள். அடியில் தெரிவது செவுள் போலத் தோன்றும். நகத்தால் பிரிக்கப் பாருங்கள், பிரியாது. அது தோலின் மடிப்பு. மெழுகுவர்த்தியில் உருகி வழிந்த கோடுகள் போலக் கிளை பிரிந்து தண்டின் மேலேயே இறங்கிப் போகும். நீளவாக்கில் கிழித்தால் உள்ளே வெளிறிய நிறம். மூக்கருகே வைத்தால் காய்ந்த அப்ரிகாட் வாசம் வரும். இதற்குப் போலி ஒன்று உண்டு: நிறம் செம்மஞ்சள், அடியில் மெல்லிய உண்மையான செவுள், நெருக்கமாக இருக்கும், நகத்தால் பிரிக்கலாம், கிழித்தாலும் உள்ளே மஞ்சள்தான். மரக்கட்டையில் கொத்தாக முளைத்த மஞ்சள் காளான் எதையும் தொட வேண்டாம். திசினோ போன்ற வெப்பமான பகுதியில் அப்படி ஒரு நச்சுக் காளான் இருக்கிறது.

இரண்டாவது ஷ்டைன்பில்ஸ். எல்லாரும் கனவு காண்பது இதைத்தான். பேக்கரி பணிஸ் போல மண்ணிறக் குடை, பருத்த தண்டு. அடியில் செவுளுக்குப் பதிலாகப் பஞ்சு. இளசில் வெள்ளையாக இருக்கும், பிறகு மஞ்சள், முதிர்ந்தால் பச்சை கலந்த மஞ்சள். தண்டின் மேற்பகுதியைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். மெல்லிய வெள்ளை வலை போர்த்தியது போல இருக்கும். வெட்டினால் சதை வெள்ளையாகவே நிற்கும். வலை கறுத்துத் தடிப்பாக இருந்து, பஞ்சில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அது கால்லன்ரோர்லிங். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒரு துண்டு விழுந்தாலும் சட்டி முழுக்கக் கசக்கும். அடியில் இருக்கும் பஞ்சு சிவப்பாக இருந்தால் அந்தக் காளானை அப்படியே விட்டுவிட்டு நடங்கள்.

மூன்றாவது செம்மல்ஷ்டொப்பல்பில்ஸ். பெயர் நீளம், அடையாளம் சுலபம். வெளிறிய மஞ்சள் குடையின் அடியில் குட்டி முட்கள் நெருக்கமாக நிற்கும், விரலால் தடவினால் உதிரும். இதைப் போன்ற கொடிய காளான் இங்கே இல்லை. என்னைக் கேட்டால் புதியவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. முதிர்ந்தது கசக்கும், இளசாகப் பாருங்கள்.

நான்காவது டோட்டன்ட்ரொம்பெட்டே. பூஹே மரத்தடியில், காய்ந்த இலைகளுக்கு நடுவே கறுப்புக் குழல். உள்ளே அடிவரை வெற்று. முதலில் கண்ணுக்கே தெரியாது. ஒன்றைக் கண்டுவிட்டால் அங்கேயே குந்தி ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள், சுற்றிலும் இன்னும் இருபது தெரியும்.

இவற்றுக்கும் முன்னால் தெரிய வேண்டிய காளான்

க்னொல்லன்பிளெட்டர்பில்ஸ். ஆளைக் கொல்லும் நச்சுக் காளான் இதுதான். பச்சை படிந்த வெளிர்க் குடை, அடியில் வெள்ளைச் செவுள், தண்டில் பாவாடை போல ஒரு வளையம், மண்ணுக்குள் தண்டின் அடியைச் சுற்றி வெள்ளைப் பை. ஓக், பூஹே மரங்களின் அடியில் அதிகம். சின்னதாக இருக்கும்போது முட்டை போல வெள்ளைத் தோலுக்குள் மூடியிருக்கும்.

நம்மவர்களுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. வன்னியிலிருந்து அம்மா வந்திருந்த வருடம் அவரைக் காட்டுக்குக் கூட்டிப் போனேன். ஒரு ஓக் மரத்தடியில் குனிந்தவர் முகமெல்லாம் மலர்ந்து எழும்பினார். கையில் வெள்ளை முட்டை போல மூன்று. "அட, எங்கட வைக்கல் போரில வாறதெல்லே இது! பொரிச்சா இறைச்சி மாதிரி இருக்கும்" என்றார். நான் அப்போது கற்றுக்குட்டி. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இருந்தாலும் காட்டிவிட்டே சமைப்போம் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தி எடுத்துப் போனேன்.

பரிசோதனை நிலையத்தில் இருந்த பெண்மணி ஒரு முட்டையை எடுத்து நீளவாக்கில் இரண்டாக வெட்டினார். உள்ளே சுருண்டு கிடந்தது ஒரு முழுக் காளான். குடையின் மேல்தோல் ஓரத்தில் நூல் பருமனுக்கு ஒரு பச்சைக் கோடு. "உங்கள் ஊரில் இதைச் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார். இதைப் போல ஒன்றைச் சாப்பிடுவோம் என்றேன். அவர் அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அம்மாவிடம் சொல்லுங்கள், ஆசியாவிலிருந்து வந்தவர்கள் பலர் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்." நான் மொழிபெயர்த்ததும் அம்மா அந்த வெட்டுத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் வைக்கோல் காளானும் இதுவும் முட்டைப் பருவத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல. இரண்டுக்கும் அடியில் பை உண்டு. வளர்ந்த பிறகுதான் பிரிகின்றன: வைக்கோல் காளானின் செவுள் இளஞ்சிவப்பாக மாறும், தண்டில் வளையம் இருக்காது. இதன் செவுள் கடைசிவரை வெள்ளை. 2015இல் ஜெர்மனிக்குப் புதிதாக வந்த அகதிகள் பலர் இதே காளானைத் தின்று மருத்துவமனைக்குப் போனார்கள். ஊரில் தின்றது போலத்தானே இருக்கிறது என்று நினைத்ததுதான் அங்கேயும் காரணம்.

ஒரே ஒரு காளான் ஒரு பெரிய ஆளைக் கொல்லப் போதும். வேகவைத்தாலும் காயவைத்தாலும் நஞ்சு போகாது. மஞ்சள், புளி, பூண்டு எதுவும் அதை முறிக்காது. வெள்ளிக் கரண்டி கறுக்கும் என்பதும், நத்தை தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்பதும் பொய். நத்தைக்கு அந்த நஞ்சு ஒன்றும் செய்யாது. ருசியும் கசக்காது, அதனால் நாக்கும் காட்டிக்கொடுக்காது.

ஆகவே முதல் வருடத்துக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். குடைக்கு அடியில் செவுள் இருக்கும் எந்தக் காளானும், எவ்வளவு அழகாக இருந்தாலும், சமைப்பதற்கென்று கூடைக்குள் வரக் கூடாது. படிப்பதற்காக ஒன்றை எடுக்கலாம், தனிப் பையில். தொடுவதால் நஞ்சு ஏறாது, பயப்பட வேண்டாம்.

பறிக்கும் முறை

வெட்டுவதா, திருகி எடுப்பதா என்று காளான்காரர்கள் காலங்காலமாகச் சண்டை பிடிப்பார்கள். ஃப்ரிபூர் மாநிலத்தில் லா ஷனேயாஸ் என்ற காட்டில் 1975 முதல் 2003 வரை 29 வருடம் இதையே ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியில் பறித்தார்கள், ஒரு பகுதியில் வெட்டினார்கள், ஒரு பகுதியை அப்படியே விட்டார்கள். எப்படி எடுத்தாலும் பின்னைய வருடங்களின் விளைச்சல் குறையவில்லை, வகைகளும் குறையவில்லை. குறைத்தது ஒன்றே ஒன்றுதான்: ஆட்கள் மிதித்த நிலத்தில் காளான் குறைவாக வந்தது. எனவே கத்தியைப் பற்றிக் கவலைப்படுவதைவிடக் காலைப் பற்றிக் கவலைப்படுங்கள். கூட்டமாகப் பரவி நடக்காமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பாசியைக் கிளறிப் புரட்ட வேண்டாம்.

நன்றாகத் தெரிந்த காளானை வெட்டி எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் அடி மண்ணோடு முழுதாகத் தோண்டி எடுங்கள். அந்தப் பை இருக்கிறதா என்பது அடியில்தான் தெரியும். அது காட்டிலேயே தங்கிவிட்டால் பரிசோதிப்பவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புழு அரித்ததையும் கொழகொழத்ததையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

காட்டிவிட்டுச் சமையுங்கள்

உங்கள் கெமைண்டேயின், அதாவது ஊராட்சியின், இணையத்தளத்தில் பில்ஸ்கொன்ட்ரொல்லே (காளான் பரிசோதனை) என்று தேடினால் நேரமும் இடமும் வரும். வாப்கோ என்ற சங்கத்தின் தளத்திலும் ஊர் வாரியாக இருக்கிறது. இந்தப் பரிசோதகர்களை ஒன்று சேர்க்கும் அமைப்பு அது, 1925இல் தொடங்கியது. பல இடங்களில் சேவை இலவசம். பருவ காலத்தில் வாரத்தில் சில மாலைகளில்தான் திறந்திருக்கும். ஆகவே முதலில் அந்த நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கேற்பக் காட்டுக்குப் போகும் நாளை முடிவு செய்யுங்கள்.

வகை வகையாகப் பிரித்து, மண் தட்டி, முழுக் காளானாகக் கொண்டு போங்கள். பறித்தது முழுவதையும் காட்ட வேண்டும். மாதிரிக்கு இரண்டைக் காட்டி மீதியை வீட்டில் வைத்தால் பரிசோதனைக்கே அர்த்தமில்லை. ஜெர்மன் தடுமாறினாலும் வெட்கப்படாதீர்கள், இது எப்படித் தெரியும், எங்கே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நான் அறிந்தவர்கள் எல்லாரும் ஆசையாகச் சொல்லித் தருகிறவர்கள்தான். கைபேசியில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் செயலிகள் உண்டு. பெயரைத் தேட அவை உதவும். தின்னலாமா என்பதை அவற்றிடம் கேட்காதீர்கள்.

அடுப்படியில்

காட்டுக் காளானைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். 15 முதல் 20 நிமிடம் நன்றாக வேக வேண்டும். அன்றே அல்லது மறுநாள் சமையுங்கள். தண்ணீரில் ஊறவிடாமல் தூரிகையால் துடையுங்கள். இலையும் மண்ணும் ஒட்டியிருந்தால் சட்டென்று அலசி எடுத்துவிடலாம்.

சட்டியைச் சூடாக்கி எண்ணெய் விடாமல் முதலில் காளானைப் போடுங்கள். தண்ணீர் விடும், அது வற்றிச் சட்டி சத்தம் போடத் தொடங்கியதும் வெண்ணெய், சின்ன வெங்காயம், உப்பு, கடைசியில் மிளகு. முதல் தடவை கறித்தூள் போடாதீர்கள். இவ்வளவு தூரம் நடந்து எடுத்த அயர்ஷ்வெம்லியின் வாசம் தூளுக்கு அடியில் காணாமல் போய்விடும். இரண்டாம் தடவை கறிவேப்பிலையோடு மிளகு வறுவல் செய்யுங்கள், சோற்றோடு அருமையாகப் போகும். முதல் நாள் ஒருவருக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். காட்டுக் காளான் எளிதில் செரிக்காது, சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாகவே கொடுங்கள்.

மிஞ்சினால் ஷ்டைன்பில்ஸையும் டோட்டன்ட்ரொம்பெட்டேயையும் காயவைக்கலாம், வாசம் இன்னும் கூடும். அயர்ஷ்வெம்லி காய்ந்தால் தோல் போலாகிவிடும். அதை வதக்கி உறைபெட்டியில் வையுங்கள்.

தின்ற பிறகு வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் எது வந்தாலும் உடனே 145க்கு அழையுங்கள். நச்சுத் தகவல் நிலையம், 24 மணி நேரமும் இருப்பார்கள். ஆள் துவண்டுபோனால் நேரே 144. மிஞ்சிய கறி, தோல் சீவிய குப்பை, வாந்தி எதையும் வீசாதீர்கள், எந்தக் காளான் என்று கண்டுபிடிக்க அவை வேண்டும். நீங்களாகப் பால் கொடுப்பதும் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: க்னொல்லன்பிளெட்டர்பில்ஸ் தின்றவருக்கு 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. பிறகு கடும் வயிற்றோட்டம் வரும், அது அடங்கி ஒரு நாள் ஆள் தேறியது போலவும் இருக்கும். அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். சுகமாகிவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

அப்புறம் ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். எந்தத் திகதி, எந்த மரத்தடி, சரிவு எந்தப் பக்கம் பார்த்தது, முந்தின வாரம் மழை எப்படி என்று எழுதி வையுங்கள். மண்ணுக்குள் இருக்கும் இழை வருடக்கணக்கில் அங்கேயே உயிரோடு இருக்கும், நல்ல மழை கிடைத்தால் அதே இடத்தில் மறுபடியும் முளைக்கும். என் கொப்பியில் ஒரு வளைவுப் பாதையோரம் ஆறு வருடமாகச் செம்மல்ஷ்டொப்பல்பில்ஸ் வருகிறது, பெரும்பாலும் செப்டெம்பர் மூன்றாம் வாரத்தில்.